இரண்டு அங்குலம்

நூறு வயதுக்கு மேற்பட்ட கட்டடங்களை
நிரற்படுத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புக.
கொழும்பிலிருந்து படிவம்.
மும்மொழியிலும் அச்சு. தமிழில் மூன்று எழுத்துப்பிழை.
அளவுநாடா, குடை, கந்தோர்க் கமரா,
கசியாத பேனை ஒன்று.
கிளிநொச்சியில் இறங்கி நடந்தேன்.

இந்த ஊரே இன்னும் நூறைத் தொடவில்லை.
காடு வெட்டி, வாய்க்காலுக்கு இலக்கமிட்டு,
இலக்கத்தின் பெயரில் மனிதரைக் குடியேற்றிய ஊர்.
கரடிப்போக்குச் சந்தியில் கேட்டேன்,
பழைய சுவர் ஏதும் இருக்கிறதா என்று.
சோடாப் பெட்டியை இறக்கியபடி ஒருவர்:
"எந்தப் பழசு மிஸ்?
தொண்ணூற்றாறுக்கு முந்தினதோ,
எட்டுக்கு முந்தினதோ?"

அந்தோனிமுத்தர் கூட்டிப்போய்க் காட்டினார்
படமாளிகை நின்ற இடத்தை.
"இந்த லீசிங் கொம்பனியின்ரை கண்ணாடிக் கதவடிதான் கலரி.
அந்தா, அந்த ஏரிஎம் பெட்டி,
அதிலைதான் நான் புறொஜெக்ரரோடை இருந்தனான்."
பெட்டிக்குள் ஒரு பெண் காசு எண்ணிக்கொண்டிருந்தாள்.
அவர் அவளைப் பார்க்கவில்லை.
அவள் தலைக்கு மேலே,
வெளிச்சம் புறப்படும் உயரத்தைப் பார்த்தார்.

தற்போதைய நிலை:
நன்று, நடுத்தரம், சிதைவு.
பொருத்தமற்றதை வெட்டிவிடவும்.
பேனை மூடியைக் கடித்தேன்.

தண்ணீர்த் தாங்கி சரிந்து கிடந்த காலத்தில்
படம் எடுக்க பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்களாம்.
விழுந்ததைப் பார்க்க வந்தவர்கள் தொப்பியோடு வந்தார்கள்.
நின்றதைப் பார்த்தவர்கள்
குடத்தோடு போனவர்கள்.

பிறகு தவராசசிங்கத்தின் சலூன்.
"கட்டடம் இல்லை மிஸ். கதவு இருக்கு."

முதிரை. அவரது தகப்பன் அறுபத்தொன்றில் செய்வித்தது.
எட்டாம் ஆண்டு புரட்டாதியில் கழற்றி
நிலையோடும் தகரத்தோடும் சுழல்கதிரையோடும்
லாண்ட்மாஸ்ரரில் ஏற்றினார்கள்.
தருமபுரத்தில் அது கதவாகத்தான் இருந்தது.
விசுவமடுவில் கொட்டில் பதிவு,
அடியில் இரண்டு அங்குலம் அரிந்தார்கள்.
தேவிபுரத்தில் பங்கருக்கு மூடி.
இரணைப்பாலையில் அதில் ஒருவரைக் கிடத்தித்
தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.
யாரை என்று நான் கேட்கவில்லை.
அந்த மாதங்களில் நான் வவுனியாவில்
சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தவள்.
அவர் சீப்பைத் துடைத்து வைத்தார்.

மீளக் குடியேறி மூன்றாம் வருசம்
புதுக்குடியிருப்பில் ஒரு வளவில்
கோழிக்கூட்டின் ஒரு பக்கமாய் அதைக் கண்டாராம்.
அரிந்த அடியை வைத்துத்தான் மட்டுக்கட்டினாராம்.
வீட்டுக்காரி காசு வேண்டாம் என்றாள்.
"மூண்டு பெடியள் இருக்கிறாங்கள்.
ஒரு வருசத்துக்குச் சும்மா வெட்டிவிடுங்கோ."
மாதம் ஒருக்கால் பஸ் ஏறிப் போய்
வெட்டிவிட்டு வந்தார்.

அளந்தேன். உயரம் ஆறடி நாலங்குலம்.
கீல் புதிது. பூட்டு இல்லை.
ஒரு மூலையில் கோழி கொத்திய தடம்.
அமைவிடம் என்ற கோட்டுக்குக் கீழே
சின்ன எழுத்தில் ஓர் அறிவுறுத்தல்:
ஒன்றை மட்டும் குறிப்பிடுக.
கிளிநொச்சி என்று தொடங்கினேன்.
தருமபுரம். விசுவமடு.
ஓரத்தைத் தாண்டியது. தாளைத் திருப்பினேன்.

உள்ளே ஒரு பள்ளிக்கூடப் பெடியன்
வெள்ளைத்துணி போர்த்துக் குனிந்திருந்தான்.
கத்தரிக்கோல் நிற்காமல் பேசியது.
கண்டி வீதியால் ஒரு லொறி போன காற்றுக்கு
கதவின் கீழ் அந்த இரண்டு அங்குலத்தால்
வெட்டிய மயிர் சுருள் சுருளாக வெளியே வந்து
என் செருப்பில் ஏறி,
வீதிக்குப் போனது.