மைனஸ் பத்தொன்பது

முதுநகரில், இம்பீரியல் ரோட்டில்,
உம்முகுல்சும் அக்காவின் ஜெராக்ஸ் கடைதான்
என் சோதனைக்கூடம்.
ஒரு நாளைக்கு அறுபது பென்டிரைவ்.
அறுபதையும் அக்கா பிடுங்கித்தான் எடுப்பார்,
மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் வேகத்தில்.

“பாதுகாப்பாக அகற்றவும்” என்று
திரையின் மூலையில் ஒரு படம் உண்டு.
“இன்று ரொக்கம் நாளை கடன்” பலகைக்கு
என்ன மரியாதையோ அதே மரியாதை அதற்கும்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம்
சோனாங்குப்பத்து அஞ்சாபுலி வந்தார்.
தூண்டில் வளைவில் மோதி உடைந்த படகு.
இன்சூரன்சுக்குப் படங்கள் முப்பத்திரண்டு,
செல்லிலிருந்து பென்டிரைவுக்கு.
கடைசிப் படம் ஏறிக்கொண்டிருக்கும்போதே
அக்காவின் கை நீண்டது.

கம்ப்யூட்டர் செத்தது.
அலறல் இல்லை. அம்புக்குறி உறைந்து நின்றது
படகின் அணியத்துக்கு மேலே.
“தம்பி, நீ போட்ட சாமான் சரியில்ல.”
கெர்னலுக்குள் அந்தக் கோப்பு முறைமையை எழுதியவன் நான்.
தலையாட்டினேன்.

ஏழு இரவு தேடினேன்.
பிடுங்கிய நொடியில்
கெர்னல் அதன் நினைவிடத்தைக் காலிசெய்து
அடுத்தவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறது.
எழுதாத பக்கங்களைச் சுமந்து தாமதமாக வந்த ஒருவன்
பழைய முகவரிச் சீட்டோடு உள்ளே நுழைந்து
யார் வீட்டுச் சுவரிலோ
எழுதிவிட்டுப் போயிருக்கிறான்.

முதலில் பூட்டுப் போட்டேன்.
எழுதுகிறவன் முடிக்கட்டும் என்று அகற்றுகிறவன் நிற்க,
சாதனம் பதில் சொல்லட்டும் என்று எழுதுகிறவன் நிற்க,
இல்லாத சாதனம் எங்கிருந்து பதில் சொல்லும்?
கெடிலம் பாலத்தில் மூக்கோடு மூக்கு முட்டிய
இரண்டு டவுன் பஸ்.
விடியும்வரை ஒரு ஹாரன்கூட இல்லை.

அந்த வாரம் துறைமுகத்தில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
டீ குடித்துக்கொண்டே பார்த்தேன்.
கூண்டு எந்தக் காற்றையும் நிறுத்துவதில்லை.
புதிதாக எவரும் போகக்கூடாது,
அவ்வளவுதான் அதன் பேச்சு.
போனவர்கள் திரும்பும்வரை
டோக்கன் நோட்டை மூடாமல் ஷெட்டில் ஒருவர்,
காலை ஆட்டிக்கொண்டு,
கரையேறிய பேரை மட்டும் அடித்துக்கொண்டு.

அப்படித்தான் எழுதினேன்.
பிடுங்கியதும் ஒரு கொடி: இது இனி இல்லை.
வாசலுக்கு வருகிறவனுக்கு அங்கேயே மைனஸ் பத்தொன்பது.
சாதனம் இல்லை, போ.
உள்ளே இருப்பவர்கள் ஒவ்வொருவராக வெளியேற
எண்ணிக்கை நான்கு, மூன்று
(மூன்றிலேயே ஒரு நாள் முழுக்க நின்றது;
பிழைப் பாதையில் ஓரிடத்தில் கழிக்க மறந்திருந்தேன்)
இரண்டு, ஒன்று.
பூஜ்யமான பிறகே நினைவிடம் காலி.

தோண்டும்போது இன்னொன்று தட்டுப்பட்டது.
மூன்று வருடத்துக்கு முன் நானே எழுதிய வரி:
எழுத முடியாமல் போனாலும் பூஜ்யம் திருப்பு.
பூஜ்யம் என்றால் எங்கள் வழக்கில் எல்லாம் சுகம்.
யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று
அன்று நினைத்திருப்பேன்.
எவருடைய பட்டா, எவருடைய ஸ்கேன் ரிப்போர்ட்
அந்தச் சுகத்தில் போயிற்றோ.
அழித்தேன். மைனஸ் ஐந்து என்று மாற்றினேன்.
இந்த ஒரு எழுத்துக்கு
மற்ற எல்லா வரிகளையும்விட அதிக நேரம் பிடித்தது.

கார்த்திகையில் அஞ்சாபுலி மறுபடி வந்தார்.
இன்னும் தெளிவாக வேண்டுமாம், கம்பெனி கேட்கிறதாம்.
“பாதியில புடுங்குங்கக்கா” என்றேன்.
“சொல்லிட்டா கை வரமாட்டேங்குது” என்றார் அக்கா.
அதற்குள் யாரோ
ரெண்டு பக்கமும் ஒரே தாளில் வேண்டும் என்று கேட்க
கை தானாகப் போய்ப் பிடுங்கியது.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அம்புக்குறி நகர்ந்தது.
திரையில் ஒரு வரி:
முப்பத்திரண்டாவது படம் எழுதப்படவில்லை.

அஞ்சாபுலி குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.
அழிக்கத் தயாராகச் செல்லின் மேல் இருந்த விரலை
மெல்ல எடுத்துக்கொண்டார்.
“ஏறிடுச்சுன்னு சொல்லியிருந்தா
இந்நேரம் அழிச்சிருப்பேன்.”
பென்டிரைவை அக்காவிடம் நீட்டினார்.
“இன்னொரு வாட்டி சொருகுங்க.”