நிலை: நன்று

புளியந்தோப்புப் பள்ளியில் நான் பொறுப்பேற்ற அன்று
சாவிக்கொத்தோடு ஒரு பதிவேடும் தந்தார்கள்.
கைக்கணினி, இருபது. நிலை: நன்று.
புரொஜெக்டர், இரண்டு. நிலை: நன்று.
ஆண்டுக்கு ஒருமுறை அதே நீல மையில்
நன்று, நன்று, நன்று.
பீரோவைத் திறந்தேன்.
உறை பிரிக்காத பிளாஸ்டிக் வாசனை.
கடையில்கூட இவ்வளவு புதிதாய் இருக்காது.

"எடுத்தா உடையும் மேடம்,
உடைஞ்சா சம்பளத்துல பிடிப்பாங்க"
என்றார் கிருபாவதி டீச்சர்.
பயந்தவர் இல்லை அவர்.
டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு நீரில்
மாற்றுச் சான்றிதழ்க் கட்டைத் தலையில் சுமந்தவர்.
வீட்டுக் கடன்தான் இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி.

எழும்பூரில் இரண்டு நாள் பயிற்சி.
குளிரூட்டிய அறை, பொட்டலச் சாம்பார் சாதம்.
தொலைநோக்கு என்றொரு ஸ்லைடு,
அதற்குள் மூன்று அம்புக்குறி.
எல்லாம் குறித்துக்கொண்டேன்.
பீரோ சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று
எந்த ஸ்லைடும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஒரு தாளில் எழுதி
பீரோ கதவில் ஒட்டினேன்:
உடைந்தால் என் கணக்கு.
கீழே கையெழுத்து, முத்திரை.
சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டேன்.
அன்றிரவு தூக்கம் வரவில்லை என்பதையும்
இங்கே சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் நாள் உடைந்தது.
ஏழாம் வகுப்பு ஷபானா, மாடிப்படி.
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி அருகேதான்
எங்களுக்கு சிக்னல் கிடைக்கும்;
ஏறும்போது செருப்பு வார் அறுந்திருக்கிறது.
முட்டியில் ரத்தம். அதைப் பார்க்காமல்
திரையின் விரிசலைத் துப்பட்டாவால்
துடைத்துக்கொண்டே நின்றாள்,
துடைத்தால் போய்விடும் என்பதுபோல.

முதலில் முட்டிக்கு மருந்து.
அப்புறம் பதிவேடு.
அத்தனை நன்றுகளுக்கும் அடியில் எழுதினேன்:
ஒன்று, பயன்படுத்தியதால் உடைந்தது.

மார்ச்சில் தணிக்கைக்கு வந்தவர்
விறுவிறுவெனப் புரட்டிக்கொண்டே போய்
அந்த வரியில் நின்றார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.
"இப்படி யாரும் எழுதறதில்லையேம்மா."
சிவப்பு மையில் அடிக்கோடு.
பிடித்தம் உண்டா இல்லையா,
ஆணை இன்னும் வரவில்லை.

மீதி பத்தொன்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுமாம்.
பீரோவைக் காட்டினேன். காலி.
மாடியில் யாரோ யாரையோ
"ஏய், எனக்குக் காட்டு, எனக்குக் காட்டு" என்று
கத்திக்கொண்டிருந்தார்கள்.

"படி பார்த்து ஏறுங்க சார்" என்றேன்.