ஒலிப்பதிவு

குத்தாயிசி நாடக மேடையில்
முப்பத்தொரு வருஷம்.
வெளியே கோட்டு வாங்கி மாட்டுகிற பெண்ணுக்கும்
அவள் குரல் கேட்கும்.
ஒன்பது படங்களில் மட்டும் நான்.

உச்சரிப்பில் ஊர் வாடை அடிக்கிறதாம்.
திபிலீசியில் இருட்டறை, ஒலிவாங்கி,
பிளாஸ்கில் தேநீர்.
அவள் உதடு பிரியும்போதெல்லாம் பேசினேன்.
கண்ணீர் அவளுடையது,
விசும்பல் என்னுடையது.

ஒரே ஒருமுறை, ரயிலடியில்,
"நூத்சா கெரெசெலிட்ஸே" என்று கை நீட்டினாள்,
வால்நட் ஓடு நொறுங்குகிற மாதிரி.
தலையை மட்டும் ஆட்டினேன்.
பேசினால் தெரிந்துவிடும்.

நேற்று வானொலியில் அஞ்சலி.
மறக்க முடியாத அந்தக் குரல், என்றார்கள்.
போட்டார்கள்.

அடுப்பை அணைக்க எழுந்தவள்
பாதியில் நின்று
இருமலை அடக்கிக்கொண்டேன்,
பதிவு ஓடுகிறதென்று.