நாலில் ஒன்று

கோட்டையூர் ரயில்வே கேட் திறந்ததும்
கிளட்சை மெல்லத்தான் விட்டேன்.
வண்டி குதித்தது. மறுபடி குதித்தது.
பள்ளத்தூரிலிருந்து எதற்கும் ஒத்துப்போகாத
வயிரவனும் நானும்
ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

“உனக்குக் கால் பழகலை” என்றார்.
பின்னால் மினி லாரி ஹாரன்.
முதல் கியரில் ஆமாம் ஆமாம் ஆமாம் என்று
செக்காலை ரோடு வரை போனோம்.

சூசை கியர்பாக்ஸை இறக்கி
பிளேட்டைத் துடைத்துக் காட்டினான்.
நடுவே நாலு ஸ்பிரிங். ஒன்று உடைந்து
தன் குழிக்குள் கடகடத்தது.
எஞ்சின் வழுவழுவென்று சுற்றுவதில்லையாம்,
குத்துக் குத்தாகத்தான் சுற்றுமாம்.
அந்தக் குத்தை வாங்கி, கொஞ்சம் நசுங்கி,
அப்புறம் சக்கரத்துக்கு விடுவது இதன் வேலை.
“கால்ல ஒண்ணும் இல்லக்கா.”

ஏழாயிரத்து இருநூறு.
இவர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்,
பின்பக்கம் காலி.

திரும்புகையில் கேட் மூடியிருந்தது.
கேட்டு வாங்கிவந்த உடைந்த துண்டைக்
கட்டைவிரலால் அழுத்தினேன்.
அணுவளவும் அமுங்கவில்லை.

கேட் திறந்தது.
வண்டி எண்ணெயில் வழுக்கியதுபோல் நகர்ந்தது.
யார் தலையும் அசையவில்லை.
அரியக்குடி மனையை விற்பது பற்றி
அவர் இரண்டாம் கியரில் ஆரம்பித்தார்.
மூன்றுக்கு மாற்றினேன்.