எந்தப் பக்கம்

ரோலாவில், ஷவர்மா கடைக்கு மேலே
இரண்டாவது மாடி எங்கள் கல்லூரி.
கல்லூரி என்பது பலகையில்தான்.
நாலு வகுப்பறை, ஒழுகும் ஏசி,
அதற்கடியில் ஒரு பெயின்ட் வாளி,
சேர்க்கை மேசையில் நான்.

ராயப்பன் வந்தது ஆகஸ்டில்.
பஸ்ஸை விட்டு இறங்கியபோது பூத்த மூக்குக்கண்ணாடி
படியேறி வந்தும் தெளியவில்லை.
ஊர் வேம்பார், வயது முப்பத்தாறு,
எல்லாம் நிரப்பியிருந்தார்.
கடைசியாகச் செய்த வேலை என்ற கட்டத்தில் மட்டும்
பேனா தொட்டு எடுத்த ஒரு புள்ளி.

"பதினேழு மாசம் உள்ள இருந்தேன் மேடம்.
அத எந்தக் கட்டத்துல எழுதணும்?"

அப்படிக் கட்டம் எங்களிடம் இல்லை.

டிரைவராக வந்தவரைப் பங்குதாரர் ஆக்கினான் முதலாளி.
பதவி உயர்வு என்று வீட்டுக்குப் போன் போட்டிருக்கிறார்.
தொகை எழுதாத காசோலை பதினொன்று,
பதினொன்றிலும் இவர் கையெழுத்து.
ஒரு வியாழன் இரவு முதலாளி விமானத்தில்.
ஞாயிறு காலை போலீஸ் இவர் அறையில்.

கட்டணத்தில் பாதியைக் குறைக்கச் சொல்லி
முதல்வரிடம் நான் வாதாடினேன்
என்று பெருமையாக எழுதலாம்.
அந்த மாதம் கணக்கியல் வகுப்பில்
ஐந்தே பேர்தான் இருந்தார்கள்.

முதல் நாள் வருகைப்பதிவு.
பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று,
கையைப் பின்னால் கட்டி,
எண்ணைச் சொன்னார்.
நாலு ஒன்று ஏழு.
குரியன் சார் பதிவேட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்,
"உட்காருங்க ராயப்பன்" என்றார்.
ஒரு வாரம் ஆயிற்று
"உள்ளேன் சார்" வருவதற்கு.
அந்தச் சொல்லிலும் ஓர் உள் இருப்பது
அன்றுதான் என் காதில் பட்டது.

நவம்பரில் அந்தப் பாடம் வந்தது.
வாடிக்கையாளர் தந்த காசோலை
பணமில்லாமல் திரும்பி வந்தால்
எந்தப் பக்கம் எழுதுவீர்கள்?
பலகையில் இரண்டு பக்கமும் கோடு போட்டு நின்றார் சார்.

"கையெழுத்துப் போட்டவன் பக்கம்."

யாரும் சிரிக்கவில்லை.
வாளியில் சொட்டு விழுந்தது.
சார் சாக்பீஸைக் கீழே வைத்தார்.
பிறகு, "சரிதான்.
அவன் பெயரில் பற்று, வங்கிக்கு வரவு.
ராயப்பன், வந்து எழுதுங்க" என்றார்.
எழுதினார்.
கோட்டைத் தொடாத, குண்டு குண்டான எழுத்து.

வேலைக்கு விண்ணப்பம் தயாரித்த இரவு
பதினேழு மாதம் காகிதத்தில்
வெள்ளையாகக் கிடந்தது.
சொந்தத் தொழில் என்று போடலாமா என்றேன்.
வெட்கமாக இருக்கிறது, ஆனால் கேட்டேன்.
அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்:
"உள்ள இருபத்திரண்டு பேருக்கு
போன் கார்டு கணக்கு நான்தான் வச்சேன் மேடம்.
யாருக்கு எத்தன நிமிஷம் பாக்கி,
யாரு யாருக்குக் கடன் குடுத்தா எல்லாம்.
பிஸ்கட் அட்டைல எழுதுனது.
ஒரு நிமிஷம் இடிச்சதில்ல."

அப்படியே எழுதினோம்.
இடம் உட்பட.

ஏழு கம்பெனி கூப்பிடவில்லை.
எட்டாவது கூப்பிட்டு, படித்துவிட்டு,
காபி கொடுத்து அனுப்பியது.
ஒன்பதாவது, தொழிற்பேட்டையில் உதிரிபாகக் கிடங்கு.
அங்கிருந்த பெஷாவர்க்காரர் கேட்டது ஒன்றுதான்:
"பிஸ்கட் அட்டை தீர்ந்துபோனால் என்ன செய்வாய்?"
"பின்பக்கம் எழுதுவேன்."

மூன்று மாதத் தற்காலிகம்.
அதற்குப் பிறகு என்ன என்று
அவருக்கும் தெரியாது, எனக்கும்.

நேற்று கடைசித் தவணை கட்ட வந்தார்,
ரொக்கமாக, இரண்டு முறை எண்ணி.
ரசீதை நீட்டினேன்.
முன்பக்கம் முழுதும் படித்தார்,
அச்சகத்தின் பெயர் வரை.
பிறகு திருப்பினார்.
அங்கே ஒன்றும் இல்லை.
அதையும் படித்துவிட்டுத்தான்
கையெழுத்துப் போட்டார்.