செகண்ட்ஸ்

புதன்கிழமை என் மேசைக்கு வந்தது
முன்னூறு பீஸ்.
நெஞ்சில் கோப்பை, அதன் கீழே
'நொய்யல் லீக் சாம்பியன் திருப்பூர்' என்று
மஞ்சள் பிரிண்ட், இன்னும் சூடு ஆறாமல்.
இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை.

செக்கிங் என் வேலை. ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது,
ஊசி முறிந்த தடம், விரல் போனாலே தெரிந்துவிடும்.
ஆடாத ஆட்டத்தில் ஜெயித்ததை
எந்தக் குறையில் சேர்ப்பதென்று அட்டையில் இல்லை.
"ரெண்டு டீமுக்கும் அடிச்சுத்தான் வெப்பாங்க பொன்னுரங்கம்,
பல்லடத்துது வேற யூனிட்ல ஓடுமாட்ட இருக்குது"
என்றார் சூப்பர்வைசர்.
ஓடும்.
நான் பார்த்தது இந்த முன்னூறுதான்.

ஞாயிறு மாலை நான் லைன்ஸ்மேன்.
எண்ணூறு ரூபாய், பஸ் செலவு, ஒரு பொட்டலம் தக்காளி சாதம்.
திருப்பூர் அணி எங்கள் முதலாளியுடையது,
பல்லடம் ஒரு கோழித் தீவனக் கம்பெனியுடையது.
கோட்டைச் சுற்றிலும் பலகைகள்: நூல், சாயம், முட்டை, நகைக்கடன்.
பலகைக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒன்றரை அடி,
நான் ஓட.

தொடங்கும் முன் முதலாளி என் பக்கமாக வந்தார்.
"ஏனுங், சாப்டாச்சுங்களா?"
அவ்வளவுதான்.
இதைச் சொன்னால் எல்லாரும் "அப்புறம்?" என்கிறார்கள்.
அப்புறம், ஆச்சுங்க என்றேன்.

எண்பத்தேழாம் நிமிடம், ஒன்றுக்கு ஒன்று.
பல்லடத்து மாகாளி, சூலூர்ப் பையன்,
மாதம் பதினெட்டாயிரத்துக்கு ஒப்பந்தம்.
பந்து கிளம்பிய நொடியில் அவன் தோள்
எங்கள் ஸ்டாப்பரின் முழங்காலுக்கு நேராக இருந்தது
(எங்கள் என்றா சொன்னேன்?
திருப்பூர் ஸ்டாப்பரின்)
அல்லது நாலு விரல்கடை முன்னால்.
கணவாய்க் காற்று அன்றைக்கு ஒரே இழுப்பு.
கொடி மேலே இருந்தது.
தூக்கினேன் என்று சொல்ல வாய் வரவில்லை,
நிமிர்ந்து பார்த்தபோது மேலே இருந்தது.

பந்து வலைக்குள். மூலைக்கு ஓடிப்போய்
மண்டியிட்டிருந்தவன் திரும்பி என்னைப் பார்த்தான்.
திட்டவில்லை.
நடுவர் திண்டுக்கல்காரர், தூரத்திலிருந்து
கண்ணால் கேட்டார்: உறுதிதானே?
தலையாட்டினேன்.

பிறகு பெனால்டியில் திருப்பூர்.
முன்னூறு பனியனும் வெளிச்சத்தில் குதித்தன,
ஒன்றில்கூடப் பிசிறு இல்லை.

மறுநாள் பேக்கரியில் பேசிக்கொண்டார்கள்.
"எல்லாம் பேசி வெச்சு ஆடறதுங்க,
முட்டைக்காரன் சேத்திக் குடுத்திருந்தா கொடி எறங்கியிருக்கும்."
"லைன்ஸ்மேனுக்கு எத்தனையாமா?"
"அம்பதாயிரம்."
தேங்காய் பன்னை மென்றுகொண்டே
அம்பதாயிரத்தில் மகளின் கல்லூரிக் கட்டணம் போக
மீதி எவ்வளவு என்று கணக்குப் போட்டேன், அதை ஏன் மறைக்க.
வாங்கியிருந்தால் இத்தனை வெசனம் இல்லை.
காசென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்த ஞாயிறு காதர்பேட்டை.
செகண்ட்ஸ் குவியல், எதை எடுத்தாலும் அறுபது.
கையை விட்டுக் கிளறினேன், பழக்கதோஷம்.
அதே கோப்பை, பச்சையில்.
'நொய்யல் லீக் சாம்பியன் பல்லடம்.'
அடிவரைக்கும் அதுதான். எண்ணிப் பார்த்தால்
முன்னூறு இருக்கும்.

ஆக, புதன்கிழமையிலிருந்து அந்த எண்பத்தேழாம் நிமிடம்வரை
ஆட்டம் திறந்தேதான் கிடந்திருக்கிறது,
என் மேசையைத் தவிர
எல்லா இடத்திலும்.

ஒன்றை உருவி குண்டு பல்புக்கு நேரே பிடித்தேன்.
தோள் தையல், கழுத்துப் பட்டி, அக்குள்.
"டேமேஜ் ஏதாச்சும் இருக்குங்களாண்ணா?"
விலை குறைக்கத் தயாராக நின்றான் கடைப் பையன்.
இல்லை என்றேன்.
என் அளவுக்கு எக்ஸெல் கேட்டேன்.
எக்ஸெல் வரலையாம்,
ஆடுகிறவர்கள் அளவுக்குத்தான் அடித்திருக்கிறார்கள்.