புகார் எண் 318: பதில்

அன்புள்ள திரு. ரிட்ஸந்தாலர்,
நீலத் தட்டு கொல்மாரிலிருந்து
செய்தித்தாள் சுற்றி வந்து சேர்ந்தது.
யாரும் தொடவில்லை, வீட்டில் நானும் பூனையும்தான்,
பூனைக்கு வயது பதினாறு என்று எழுதியிருக்கிறீர்கள்.
நம்புகிறேன்.
இங்கே லிமோஜில் மூன்று நாளாக மழை.
உருப்பெருக்கியின் கீழே உங்கள் விரிசல்
வியென் ஆற்றைப் போல வளைந்து கிடக்கிறது.

தொடாமலே உடையும், ஐயா.
எண்ணூற்று இருபது பாகையில்
மணலும் சோடாவும் வெண்காரமும்
ஒரு சிட்டிகை கோபால்ட்டும்
தேன்பதமாய் இளகிச் செம்பின்மேல் படர்கின்றன.
செம்பு சும்மா ஏற்காது.
கொஞ்சம் ஆக்சைடு வேண்டும்,
மூச்சுப் பட்ட கண்ணாடியின் மங்கல் அளவுக்கு.
அதை எனாமல் தின்கிறது.
தின்றபின் விட முடிவதில்லை.
மிஞ்சினாலோ கறுத்துப் பொருக்காகி
நிறத்தையும் கூட்டிக்கொண்டு கழன்றுவிடும்;
ஆகவே சிட்ரிக் அமிலத்தில் கழுவுகிறோம்,
புளி போட்டுப் பாத்திரம் துலக்குவது மாதிரி.
உங்கள் ஊரில் எப்படியோ.

தகராறு ஆறும்போதுதான்.
என் மொழியில் சூடும் ஆறும், கோபமும் ஆறும்,
புண்ணும் ஆறும்.
செம்பு அப்படி ஆறுவதில்லை.
அது பதினேழு பங்கு சுருங்கும்போது
கண்ணாடி பதினொன்றோடு நின்றுவிடும்.
மீதி ஆறு பங்கு எங்கே போகும்?
உள்ளேயே இருக்கும்.
மாதக்கணக்கில் இருக்கும்.
ஒரு பின்னிரவில், பூனை தூங்கும்போது, வெளியே வரும்.

அதற்காகத்தான் முதுகிலும் பூசுகிறோம்:
மிச்சப் பொடிகளைக் கலந்த,
பெயரில்லாத ஒரு சாம்பல் நிறம்.
முன்பக்கம் இழுப்பதை அது பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும்.

தட்டைத் திருப்பினேன்.
இடது ஓரத்தில் பூச்சு கால்பங்குகூட இல்லை.
சல்லடை அங்கே ஓடியிருக்கிறது.
அடியில் தேதி, பிப்ரவரி ஒன்பது.
பக்கத்தில் ஊசியால் கீறிய ஒரு ‘ம’.
இந்தத் தொழிற்சாலையில் அந்த எழுத்தை
எழுதத் தெரிந்தவள் ஒருத்திதான்;
அப்போது அவள் பூச்சுப் பிரிவில் இருந்தாள்.

பிப்ரவரி ஒன்பது, மாலை நான்கு மணிக்கு
ஒரு தொலைபேசி வந்தது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
‘போக்குவரத்துச் சேதம்’ என்று போடு,
எல்லாரும் அதைத்தான் போடுவோம் என்கிறார் மர்செலின்.
‘பின்பூச்சு போதவில்லை’ என்று எழுதினேன்.
எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுத் தட்டு வரும் வாரம் அனுப்புகிறோம்.
முதலில் அதன் முதுகைப் பாருங்கள்.

இதை முடிக்கும்போது மேசையில் டிக்கென்று ஒரு சத்தம்.
காகிதத்தின்மேல் கடுகளவு நீலச் சில்லு.
நானும் தொடவில்லை.

இப்படிக்கு,
மங்களேஸ்வரி தவராசா
தரப் பரிசோதனை